ஆர்க்கிட் குளிர்காலப் பாதுகாப்புக் கமிட்டி

அடுத்த பிறவி என்று ஒன்று வாய்க்குமானால் ஆர்க்கிடாகப் பிறக்க வேண்டும். அதிலும் ஜேடர்பாளையம் செங்கோட்டையக் கவுண்டர் வீட்டு ஆர்க்கிடாகப் பிறக்க வேண்டும். அந்தச் செடிக்கு இந்த உலகத்தில் கிடைத்த மரியாதை ரிஷிகளுக்கும் கிடைத்ததில்லை.

கமிட்டி அங்கத்தினர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தபோது இப்படி நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. கமிட்டியில் பேச எனக்கு அதிகாரம் கிடையாது. காபி வைக்க உண்டு.

செங்கோட்டையக் கவுண்டர் என் கணவர். காவேரித் தண்ணீர் பாயும் வெற்றிலைக் கொடிக்கால் அவருக்கு உண்டு. ஊரில் மரியாதை உண்டு. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டம் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஆண்டவன் ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித்தோட்டத்துத் துரையை அனுப்பினான். கலெக்டரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிற துரை. அவர் ஒரு கூடை ஆர்க்கிட் செடிகளைக் கொடுத்து, தை மாதம் கலெக்டரை அழைத்துவருவதாகவும், பூத்திருந்தால் அவர் மகிழ்ச்சியடைவார் என்றும் சொன்னாராம். கலெக்டர் மகிழ்ந்தால் பட்டம் பூக்கும் என்பது சேலம் ஜில்லா முழுவதும் ஒப்புக்கொண்ட தாவர சாஸ்திரம்.

செடிகளை மண்ணில் நடக்கூடாது, மரத்தில் கட்ட வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். எங்கள் பண்ணையாள் ரங்கன் அவற்றைக் கொடிக்காலில் நிற்கும் அகத்தி மரங்களில் கட்டினான்.

"ஏனுங்க, புல்லுருவியைப் புடுங்கி எறியறதுதானுங்க நம்ம வழக்கம். இதென்னங்க, கட்டி வெக்கறது?" என்று கேட்டான்.

"டேய், இது வெள்ளைக்காரப் புல்லுருவிடா!" என்றார் என் கணவர்.

ரங்கன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

நிழலும் ஈரமும் காற்றுமாகச் செடிகள் அங்கே சௌக்கியமாக இருந்தன. ஐப்பசியில் மொட்டுக் காம்புகூட நீட்டின. சௌக்கியமாக இருக்கிற ஒன்றைச் சும்மா விட்டுவைப்பது நாகரிகம் ஆகுமா? கார்த்திகைக் கடைசியில் கமிட்டி கூடியது.

தலைவர் என் கணவர். காரியதரிசி தண்டாயுதபாணி, தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கத்தினர் என் கணவரின் பங்காளி மயில்சாமி, எதையும் ஆமோதிப்பவர். துரை கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தைக் காரியதரிசி தமிழில் சொன்னார்.

"குளிர்காலம் வருமுன் வெளியில் உள்ள ஆர்க்கிடுகளை வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும். பனி உறைந்தால் மாண்டுபோகும்."

"நம்மூர்ல பனி உறையுமுங்களா?" என்றார் மயில்சாமி.

"இதுவரைக்கும் உறைஞ்சதில்லை. அதனாலேயே இந்த வருஷம் உறையக்கூடும்" என்றார் காரியதரிசி.

"லண்டன்ல குளிர்காலம்னா ராசாவோட குடிங்க எல்லாத்துக்கும் குளிர்காலந்தான்" என்றார் என் கணவர். "நமக்கு மட்டும் வரலீன்னு சொன்னா அது ராஜத்துரோகம்."

"ஆமாங்க, குளுருதுங்க" என்று மயில்சாமி கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: "பனிக்காலத்தில் ஓர் உயிரை வெளியில் கிடத்துவது மனிதத்தன்மை ஆகாது."

அப்படி ஓர் உயர்ந்த வாக்கியத்தை அந்த வீட்டில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம்ளரை எடுக்கப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏனென்றால், பனிக்காலத்தில் வெளியில் கிடப்பதற்கென்றே எங்கள் வீட்டில் ஓர் இடம் உண்டு. மாட்டுக் கட்டுத்தரைக்கு அப்பால் ஒரு கீற்றுக் குடிசை; சாளை என்போம். வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் அங்கேதான். தீட்டுக் கழிகிறவரை படுக்கையும் அங்கேதான். நாங்கள் கொடிக்கால் குடும்பம். தீட்டுக்காரியின் நிழல் விழுந்தால் வெற்றிலை கருகிவிடும். என் முதல் பிள்ளையை ஒரு மார்கழியில் அங்கே பெற்றேன். கீற்று வழியாகப் பனி சொட்டியது. பிள்ளையை மட்டுமாவது வீட்டுக்குள் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். என் கணவர் எட்ட நின்று, "ஊருக்கெல்லாம் எறங்கற பனிதானே" என்றார். பிள்ளை, தை பிறக்கிறவரை இருக்கவில்லை. அதற்காக அவரைக் கல்மனசுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வருஷம் ஒரு வெற்றிலைகூடக் கருகவில்லை.

அடுத்துப் பிறந்தவள் பாவாயி. எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். இப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், மார்கழியில் நாள். அவளுக்கு உள்ளறையில் ஆகட்டும் என்று ஆடியிலிருந்தே கெஞ்சி, "பாக்கலாம்" என்ற சொல் வரைக்கும் அவரிடம் வாங்கியிருந்தேன். ஒழுகாத ஓடு, கெட்டித் தரை, கிழக்கே ஒரு ஜன்னல்.

கமிட்டியும் அதே அறையைத்தான் தேர்ந்தெடுத்தது.

"அப்ப பாவாயி?" என்று கேட்டேன், எல்லோரும் போன பிறகு.

"சாளை இருக்குதல்ல? நீ பெத்துக்கிலியா?"

"பெத்தனுங்க."

"அப்பறமென்ன?"

அப்புறம் என்ன ஆயிற்று என்பதை அவர் மறந்துவிட்டார். பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

மார்கழி பிறந்ததும் செடிகளை அகத்தியிலிருந்து அவிழ்த்து, தொட்டிகளில் ஏற்றி, உள்ளறையில் குடிவைத்தார்கள். மேளம் ஒன்றுதான் இல்லை. காற்றில் ஈரம் வேண்டும் என்று புத்தகம் சொன்னதால், என் சீர்த் தாம்பாளத்தில் ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். மூலையில் கணப்புச் சட்டி. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று நான் துவைத்து மடித்து வைத்திருந்த பழஞ்சேலைத் துணிகளை ஜன்னல் இடுக்குகளில் அடைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. வெற்றிலைக்கு உள்ள சட்டத்தை ஆர்க்கிடுக்கும் 'விஸ்தரித்தார்கள்'. துரையின் புத்தகத்தில் இது இல்லை. தாவர சாஸ்திரத்துக்கு எங்கள் ஊர் செய்த தொண்டு இது.

பாவாயி நடையில் உட்கார்ந்து, சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நானும் அகத்தி மரத்துல தொங்கியிருந்தா அப்பா உள்ள கூப்புட்டிருப்பாரல்ல?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. அது என்னுடைய சிரிப்பு. எதை விழுங்கினாலும் கூடவே விழுங்குவதற்கென்று நான் பழகி வைத்திருந்த சிரிப்பு. அதை அவளுக்கு நான் எப்போது கொடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. சீராகக் கொடுத்தவற்றில் அது இல்லை.

சில நாட்களிலேயே இலைகள் மஞ்சளாயின. மொட்டுகள் உதிர்ந்தன. கமிட்டி அவசரமாகக் கூடியது.

"கணப்புப் பொகை ஒத்துக்கலீங்களோ?" என்றார் மயில்சாமி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆமோதிக்க மறந்து.

"புகை அல்ல, குளிர்" என்றார் காரியதரிசி, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "எவ்வளவு குளிர் என்று தெரிந்தால்தானே எவ்வளவு சூடு வைப்பது என்று தெரியும்? உஷ்ணமானி ஒன்று வேண்டும்."

"நாளைக்கே சேலம் போயி வாங்கியாறேன்" என்றார் என் கணவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ளத்தாச்சி ஊட்டுக்குள்ள நடமாடறாளல்ல, அந்த நெழலுந்தான் காரணம். நான் வந்ததும் அவளைச் சாளைக்கு மாத்திப்போடலாம்" என்றார்.

ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் அவர் சேலத்துக்குப் போன பிறகு பாவாயிக்கு வலி கண்டது. மருத்துவச்சி சின்னாயி ஓடிவந்து, வழக்கப்படி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"சாளைக்குத்தானுங்களே, ஆத்தா?"

"இல்ல சின்னாயி. உள்ளறைக்கு."

"ஐயோ! கவுண்டரு?"

"அவருதான் தீர்மானம் போட்டாரு. பனிக்காலத்துல ஒரு உசுரை வெளிய போடக் கூடாதுன்னு."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கணப்பை வெளியேற்றி, ஜன்னலில் அடைத்த துணிகளை உருவினேன். அறைக்குள் காற்று வந்தது. ரங்கனைக் கூப்பிட்டுத் தொட்டிகளை எடுக்கச் சொன்னேன்.

"எங்கீங்க வெக்கறது?"

"சாளைல."

அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனான்.

பொழுது சாயும் நேரத்துக்கு என் கணவர் வந்தார். கையில் பஞ்சு சுற்றிய உஷ்ணமானி, பின்னால் கமிட்டி. நான் உள்ளறை வாசற்படியில் நின்றேன்.

"செடியெல்லாம் எங்க?"

"சாளைலீங்க."

"சாளைலயா!" அவர் குரல் உடைந்தது. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "அடிப்பாவி, அந்தக் கீத்து ஒழுகுமே! ராத்திரி பனி எறங்குமே! அந்தக் குளுருல ஒரு உசுரு தாங்குமா?"

தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். வந்துசேர இருபது வருஷம் ஆகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் எறங்கற பனிதானுங்க" என்றேன்.

ஆமோதிக்கலாமா என்று மயில்சாமி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அறைக்குள் பாவாயி முனகினாள்.

"செரி, ஆனது ஆச்சு" என்றார் என் கணவர், இறங்கிய குரலில். "கலெக்டர் வாராரு. நீயே ரோசனை பண்ணு. புள்ளயை மெல்லக் கைத்தாங்கலாச் சாளைக்குக் கூட்டியா. செடியை நாங்க எடுத்துக்கறோம்."

"மாட்டனுங்க."

எனக்கே கேட்குமோ கேட்காதோ என்ற குரலில்தான் சொன்னேன். ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது.

"அந்த மானியை வீணாக்காதீங்க" என்று கதவில் கை வைத்தேன். "கொண்டுபோயிச் சாளைல மாட்டிப் பாருங்க. நாங்க கெடந்த எடத்துல எத்தனை குளுருன்னு கமிட்டிக்குத் தெரியட்டும்."

கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டேன்.