தாராளம் அண்ணனும் டர்போவின் எண்ணெய்க் குழாயும்

போதும் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமலே நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் ஒருவரை விழுப்புரம் மாவட்டத்தில் காட்டச் சொன்னால், நான் தயங்காமல் தாராளம் அண்ணனைக் காட்டுவேன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கலாம். திண்டிவனம் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் வீடு காட்ட ஆள் கிடைக்காது.

மயிலத்தில் அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் ரச வாளி அவர் கையில்தான். இலையை மடித்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்பது உலக வழக்கம். அண்ணன் மடித்த இலையைப் பிரித்து ஊற்றுவார். பெட்ரோல் பங்கில் பைக் டயருக்கு "இன்னும் கொஞ்சம்" என்று காற்றடிக்கச் சொல்லி, அங்கேயே வெடிக்க வைத்திருக்கிறார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவத்தில் அவர் வீட்டு வாசலில் நின்ற கூரியர்காரர் ஒருவர் ஒரு சாக்கு மல்லாட்டையோடு திரும்பினார். அந்தக் கூரியர் பக்கத்து வீட்டுக்கு வந்தது.

அவரிடம் ஒரு நெல் அறுக்கும் வண்டி இருந்தது. நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு விழுப்புரத்தில் டர்போ பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். டர்போ என்பது இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு சின்னக் காற்றாடி. சின்னது என்றாலும் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகக் கூடியது. அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அந்த எண்ணெயைக் கொண்டுவர மேலே ஒரு குழாய், இறக்கிவிடக் கீழே ஒரு குழாய்.

தன் வண்டியின் டர்போவை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் முதல் முறை பட்டறைக்கு வந்தார். பிரித்தேன். அச்சு சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது.

"இன்னாம்மா ஆச்சு இதுக்கு?"

"எண்ணெய் போகலைண்ணே. மேல் குழாய்ல கசடு அடைச்சிருக்கு. காய்ஞ்சே சுத்தியிருக்கு."

"காய்ஞ்சேன்னா?"

"பட்டினின்னு வெச்சுக்கங்களேன்."

அந்தச் சொல் அவர் முகத்தில் செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. "என் கையில இருந்துக்கினு ஒரு பொருளு பட்டினியா கெடந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். நெடுஞ்சாலையைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

டர்போவைச் சரிசெய்து, பழைய அளவிலேயே புதுக் குழாயும் கொடுத்து மூன்று விஷயங்கள் சொன்னேன். எண்ணெய் ஃபில்டரைத் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் வண்டியை முறுக்கக் கூடாது. குழாயின் அளவை மாற்றவே கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினார். முதல் இரண்டையும் சொன்னபடி செய்தார்.

மூன்றாவதில் அவருடைய மனசாட்சி குறுக்கே வந்துவிட்டது. நான் கொடுத்த குழாயின் துளையில் பென்சில்கூட நுழையாது. இவ்வளவு ஒல்லிக் குழாயில் ஊட்டினால் எந்த உயிர்தான் பிழைக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு ஹோஸ் கடைக்குப் போய், சுண்டுவிரல் தாராளமாக நுழையும் ஹைட்ராலிக் ஹோஸை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். குழாய் முனையில் மாட்டும் போல்ட்டின் துளை சின்னதாக இருக்கிறதே என்று, அதையும் ட்ரில் போட்டு அகலமாக்கிவிட்டார்.

அடுத்து வந்தது போன்.

"இன்ஜினியரம்மா, புகையா வருதும்மா."

"என்ன கலர்ண்ணே?"

"வெள்ளையில நீலம் கலந்தாப்ல. பாக்கறதுக்கு நல்லாத்தான் கீது. ஆனா எண்ணெயக் குடிச்சிக்கினே இருக்குது."

சரியான அளவுக் குழாய், புது போல்ட், கருவிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வண்டி நின்ற பிரம்மதேசத்து வயலுக்குப் போனேன். வரப்பில் வயலுக்குச் சொந்தக்காரரான பாஞ்சாலை அக்கா நின்றிருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருடைய நெல் மட்டும்தான் அறுபடாமல் பாக்கி. கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. மழை விழுந்தால் நிலத்தோடு படுத்து முளைத்துவிடும். மற்ற வண்டிகளெல்லாம் கண்டாச்சிபுரம் பக்கம் போய்விட்டன. மரக்காணம் திசையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"வாம்மா," என்றார் பாஞ்சாலை அக்கா. "நெல்லு அறுக்க வாய்யான்னா, கொசு மருந்து அடிச்சிக்கினு இருக்கறாரு."

"உன் நெல்லு என் பொறுப்புன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன. வாக்குல மட்டும் நீ என்னைக்குக் கொறைச்ச?"

நான் அச்சை ஆட்டிப் பார்த்தேன். நல்ல வேளையாக இன்னும் தேயவில்லை. ஆனால் இப்படியே ஓட்டினால் இன்ஜினில் எண்ணெயே மிஞ்சாது. ஹோஸைக் கழற்றப் போனபோது தாராளம் அண்ணன் என் கைக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"அத மட்டும் செய்யாதம்மா. மறுபடியும் சோறில்லாம போடச் சொல்றியா?"

"இப்ப அது சோத்துல முழுகிக் கெடக்குதுண்ணே."

"நெறைய குடுத்தா யாரும் செத்ததில்லம்மா."

மேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழ்க்குழாயைக் காட்டினேன். "மேல எண்ணெயத் தள்றது பம்பு. கீழ எறங்கறதுக்கு யாரும் தள்ளலண்ணே. தன் எடையில தானா எறங்கணும். மெதுவாத்தான் எறங்கும்."

"அப்ப எறங்கற பைப்பையும் பெருசா போட்டுடலாம்."

"பைப்ப மாத்தலாம். ஆனா எறங்கற வாசல் டர்போ உடம்புலயே வார்த்தது. அத மாத்த முடியாது."

அவர் குனிந்து அந்த வாசலைப் பார்த்தார். பிறகு சேற்றிலேயே குந்தி உட்கார்ந்தார். மேல் குழாயைப் பார்த்தார், கீழ்க் குழாயைப் பார்த்தார்.

"பந்தி எழுந்திருக்கல," என்றார்.

"இன்னா?" என்றார் பாஞ்சாலை அக்கா.

"மொத பந்தி இன்னும் எழுந்திருக்கல. நான் பாட்டுக்கு ரெண்டாம் பந்தி, மூணாம் பந்தின்னு உள்ள உட்டுக்கினு இருக்கறேன். ஒக்கார எடமில்லாதவன் இன்னா பண்ணுவான்? சமையக்கட்டு வழியா பூந்து போவான். அங்க அடுப்பு எரியுது. அதாம்மா இந்தப் புகை."

"ஆமாண்ணே," என்றேன். மிஞ்சிய எண்ணெய் அச்சின் ஓரமாகக் கசிந்து, சூடான பக்கம் போய்த்தான் எரிந்துகொண்டிருந்தது.

"உன் மச்சான் கல்யாணத்துல பந்தி மேல பந்தி உட்டியே, அத இங்கயும் பண்ணிட்டியா?" என்றார் பாஞ்சாலை அக்கா. "ஜல்தி வழிய உடுய்யா, அந்தப் பொண்ணு வேலையப் பாக்கட்டும்."

அவர் வழிவிட்டார். ஒல்லிக் குழாயை நான் கையில் எடுத்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாயை முடுக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை உண்டு. எண்ணெய் வந்து சேரும் முன்பே அச்சு காய்ந்து சுற்றிவிடாமல் இருக்க, டர்போவின் வாயில் கொஞ்சம் எண்ணெயைக் கையால் ஊற்றி வைக்க வேண்டும். வழக்கமாக நானே ஊற்றுவேன். அன்று எண்ணெய் கேனை அவரிடம் நீட்டினேன்.

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதுபோல நூல் பிடித்தாற்போல ஊற்றினார்.

"போதும்ண்ணே," என்றேன்.

நிறுத்திவிட்டார். பாஞ்சாலை அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மயிலத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

வண்டி கிளம்பியது. புகைக் குழாயில் தங்கியிருந்த பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை புகைத்தது, பிறகு தெளிந்தது. அண்ணன் டீ குடிக்கக்கூட வண்டியிலிருந்து இறங்கவில்லை. நெல் டிராக்டரில் ஏறி, தார்ப்பாய் கட்டி முடிந்தபோது முதல் தூறல் விழுந்தது. பாஞ்சாலை அக்கா தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லய்யா" என்றார். அந்த அம்மாவின் வாயிலிருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு அது.

அப்புறம் நான் வேலை மாறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்துவிட்டேன். ஒவ்வொரு பருவத்திலும் முதல் வயலில் வண்டியை இறக்குவதற்கு முன் தாராளம் அண்ணன் போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்பார், தூங்கினாயா என்று கேட்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இந்த வருசமும் அதே அளவுதானே? கொறைஞ்சிடலயே?" என்பார்.

"அதே அளவுதான்ண்ணே. தைரியமா ஸ்டார்ட் பண்ணுங்க" என்பேன்.

இரும்புக் குழாயின் அளவு தானாக மாறாது என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.