ஏழு நாளும் திங்கட்கிழமை

மனைவியின் இரத்த அளவை நாற்பதே நாளில் எட்டிலிருந்து பதினொன்றுக்கு ஏற்றிக் காட்டுவதாக அன்செல்மோ சபதம் செய்தார்.

நிகோலாசாவின் கருப்பையில் ஒரு கட்டி. மாதாமாதம் அது அவள் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. நாலு படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டியை எடுக்க ஆஸ்பத்திரி தயார். ஆனால் பதினொன்றுக்குக் குறைந்தால் ஆபரேஷன் மேசையில் ஏற்ற மாட்டார்களாம். மழையும் விடவில்லை. வீடு இருண்டு கிடந்தது.

அன்செல்மோவுக்கு வான்காயோ ஊர்ச் சந்தையில் பூட்டுச் சாவிக் கடை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அடுப்புப் பற்றவைத்தார். நர்ஸ் யானெத் கொடுத்த தாளை அடுப்பங்கரைக் கதவில் ஒட்டினார். ‘தினமும் பருப்பு. மேலே எலுமிச்சை பிழியவும். சாப்பாட்டோடு காபி, தேநீர் கூடாது. பருப்பிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது.’ கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

அந்த ஊரில் பருப்பு திங்கட்கிழமைச் சமையல். அன்று தின்றால் வாரம் முழுக்கக் கையில் காசு வறளாது என்று நம்பிக்கை. அன்செல்மோ வீட்டிலோ வாரம் ஏழு நாளும் திங்கட்கிழமை ஆனது.

“கிழவா, இன்னிக்கு என்ன கிழமை?”

“திங்கள்.”

“நேத்து?”

“அதுவும் திங்கள்தான். பேசாமச் சாப்பிடு கிழவி.”

“சாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. ஞாயித்துக்கிழமையே வராததாலதான் பூசைக்கு வரலேன்னு.”

ஆனால் தட்டை வழித்துத் தின்றாள். அவர் சொன்ன எதையும் அவள் மறுபேச்சில்லாமல் செய்ததில்லை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

இருபதாம் நாள் சோதனை. ஏழு புள்ளி ஒன்பது.

“சாப்பாட்டோட காபி குடிக்கிறாங்களா?” என்றாள் யானெத்.

“சத்தியமா இல்லை!” என்றார் அன்செல்மோ. நிகோலாசா கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் மதியத் தூக்கத்தைப் பாதியில் விட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்தில் பெரிய கோப்பை. நிறையக் கரும் காபி.

“கிழவி! இது என்ன?”

“எப்படித் தப்பிக்கிறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நீதான் வழியைக் கதவுல ஒட்டி, சிவப்புக் கோடும் போட்டே.”

“எதுக்குடி தப்பிக்கணும்?”

அவள் சிரிக்கவில்லை. “எங்க பெரியக்கா அந்த மேசையில ஏறினா. இறங்கவே இல்ல. பதினொண்ணு வந்தா நானும் ஏறணும்.”

அன்செல்மோ பூட்டுக்காரர் செய்வதைச் செய்தார். பூட்டுப் போட்டார். காபி டப்பா தகரப் பெட்டிக்குள். பெட்டிக்குக் கடையிலேயே உறுதியான பூட்டு. சாவி அவர் கழுத்துக் கயிற்றில்.

நாற்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. மறுபடி சோதனை. எட்டு. ஒரு புள்ளிகூட ஏறாத எட்டு.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். டப்பா அடி தட்டியிருந்தது.

“சாவி என் கழுத்துல தொங்குதே!”

நிகோலாசா பாவாடைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். “நீ தூங்கறப்போ உன் சாவியைக் கழட்டிட்டு, கக்கூஸ் சாவியை மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு யூபேமியா சந்தைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி ஒண்ணு வெட்டி வாங்கிட்டு வந்தா. மறுநாள் நீ தூங்கறப்போ பழையதை மாட்டிட்டேன்.”

“எந்தத் திருட்டுப்பய வெட்டிக் கொடுத்தான்?”

“நீதான்.”

அன்செல்மோ அந்தச் சாவியை எடுத்து விரலால் தடவினார்.

“உன் பூட்டு, உன் சாவி. உனக்கே அடையாளம் தெரியல. விரலால தடவித் தடவித்தானே வெட்டறே? கண்ணுல புரை விழுந்து மூணு வருஷமாச்சு. ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எந்தப் பூட்டுக்குள்ள வெச்சிருக்கே?”

“அது வந்து... கண்ணுல கத்தி வைக்கிறதுன்னா...”

“உனக்கும் மேசைன்னா பயம், எனக்கும் பயம். நீ முதல்ல ஏறி, இறங்கி வந்து காட்டு. இந்த நிமிஷமே நான் காபியை விட்டுடறேன்.”

அன்செல்மோ அவளைப் பார்த்தார். முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. வெளுத்த உதடு மட்டும் தெரிந்தது. வேறு வழியில்லை. நாள் கடத்தவாவது பார்ப்போம் என்று நினைத்தார்.

“சரி கிழவி. திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன். சத்தியம்.”

நிகோலாசா அவர் வெளியே போகப் போடும் சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“இந்த வீட்டுல நாளைக்கே திங்கட்கிழமைதான், கிழவா.”