ஏரிக்கரையில் இரண்டு கொக்குகள்

"காலடிக் கல்லும் கடைசி மலையும் ஒரே படத்துல துல்லியமா விழற வரைக்கும் இந்தக் கேமராவைக் கீழ வைக்க மாட்டேன்!"

சபதம் போட்டது நான். போட்ட இடம் சமையலறை.

"முதல்ல அந்த ஈரப் பாத்திரத்தைக் கீழ வைங்க" என்றாள் மனைவி. வைத்தேன்.

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ் காலண்டருக்கு ஓர் இயற்கைக் காட்சி வேண்டுமாம். போட்டி அறிவித்திருந்தார்கள். ஊருக்கு வெளியே ஏரி இருக்கிறது, ஏரிக்குப் பின்னால் மலை இருக்கிறது, என்னிடம் கேமரா இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

முதல் படத்தை மனைவியிடம் காட்டினேன்.

"கல்லு நல்லா இருக்கு. மலை எங்க?"

"பின்னாடி இருக்கே!"

"இதுவா? அடுப்புப் புகைன்னு நினைச்சேன்."

விளக்கினேன். "லென்ஸுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு. அகலமாத் திறந்தா கிட்ட இருக்கறது மட்டும் தெளிவு. சுருக்கினா தூரம் வரைக்கும் தெளிவு. நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும்."

"வயசு ஏற ஏற புத்தி குறையற மாதிரியா?"

அடுத்த வாரம் ஓட்டையை முடிந்த மட்டும் சுருக்கினேன். நம்பர் இருபத்திரண்டு! கல், தண்ணீர், மலை எல்லாம் ஆஜர். ஆனால் எல்லாமே லேசாக மசமச.

"கண்ணாடி போடாம பார்த்த மாதிரி இருக்கே" என்றாள்.

"ரொம்பச் சுருக்கினா வெளிச்சம் ஓரத்துல முட்டிச் சிதறிடும்."

"அதாவது, ரொம்ப இறுக்கினாலும் கெட்டுப்போகும். நான் உங்களை வச்சிருக்கற மாதிரி அளவா இறுக்கணும்."

அளவு பதினொன்று என்று கண்டுபிடித்தேன். ஃபோகஸ் குறியையும் கல்லில் வைக்காமல், மலையில் வைக்காமல், கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது முறை எதிர்வீட்டு டெய்லரைத் துணைக்கு அழைத்துப் போனேன். இங்கே ஒரு ரகசியம். எனக்குச் சர்க்கரை. டாக்டர் இனிப்புக்குத் தடை விதித்தார். மனைவி அதை அமல்படுத்தினாள். ஏரிக்கரையிலோ ஐஸ்கிரீம் வண்டி நிற்கும். டெய்லரை வண்டிக்கு அனுப்பிவிட்டு, கேமராவை முக்காலியில் ஏற்றினேன். மேகம் விலகியது. வெயில் மலையைத் தொட்டது. அமுக்கினேன்!

வீட்டில் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டதும் எனக்கே புல்லரித்தது. கல்லின் பாசி தெரிந்தது. மலையின் மரம் தெரிந்தது.

"அடேங்கப்பா!" என்றாள் மனைவி. உடனே குனிந்தாள். "என்னங்க, நடுவுல கரையோரமா நிக்கறது நம்ம டெய்லர்தானே?"

நானும் குனிந்து பார்த்தேன். படத்துக்குக் குறுக்கே வரக்கூடாது என்று மனுஷர் நாகரிகமாக நின்றிருக்கிறார். படத்துக்குள்ளேயே!

"இருக்கலாம்."

"அவர்கிட்ட வெள்ளையா என்ன அது?"

"கொக்கு."

"ரெண்டு இருக்கே?"

"ஜோடிக் கொக்கு."

கம்ப்யூட்டர் சுண்டெலியைப் பிடித்துப் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். துல்லியம் கொஞ்சமும் குறையவில்லை, பாவி!

"கொக்குக்குக் கீழ கோன் இருக்கு."

"அது... அவருக்கு ஐஸ்கிரீம்னா உயிர். ரெண்டு கையாலயும் சாப்பிடுவார்."

மனைவி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா! ஒண்ணு உங்களுக்கோன்னு பயந்துட்டேன். அதுவும் சாக்லேட். சர்க்கரை எகிறிடுமே!"

"சாக்லேட்டா? சேச்சே! என்னுது வெனிலா!"

மனைவி திரையை விட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"டெய்லரை மட்டும் வெட்டி எடுத்துடறேன்" என்றேன் பலவீனமாக.

"எதுக்கு? அழகா இருக்கார். அப்படியே அனுப்புங்க."

அனுப்பினேன். முதல் பரிசு! ஆபீசே கைதட்டியது. காலண்டரை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி சிரித்த முகமாக வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினாள்.

காலண்டருக்குக் கீழே புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

"சாவி எங்கம்மா?" என்றேன்.

"டெய்லர் சம்சாரத்துகிட்ட. அவங்க வீட்டு ஃபிரிட்ஜ் சாவி என்கிட்ட."