கால்புள்ளி இல்லாத எட்டுப் பக்கங்கள்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்களில் என் மனைவியை முழுசாக ஒரு மாதம் அழவைக்காமல் நான் இருந்ததில்லை. கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுமை செய்யவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு மறதி, அவ்வளவுதான். கல்யாண நாளை மறப்பேன். மாடியில் காயும் துணியை மழையில் மறப்பேன். ஒருமுறை அவளையே பேருந்து நிலையத்தில் மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது கண் டாக்டர் சொல்லிவிட்டார்: அழக் கூடாது.

அவளுக்கு இடது கண் போய் நான்கு வருடமாகிறது. மிச்சமிருந்த வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை. ஒரு மாதம் கட்டு. இருமக் கூடாது, குனியக் கூடாது, அழக் கூடாது. "அழுதா தையல் விட்டுடும். அப்புறம் கடவுளப் போய்ப் பாருங்க, என்கிட்ட வராதீங்க" என்றார். அங்கேயே, எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சபதம் எடுத்தேன். முப்பது நாளும் அந்தக் கட்டு ஒரு சொட்டு நனையக் கூடாது.

முதல் நாளே அவள் கேட்டாள்.

"புத்தகம் படிச்சுக் காட்டுங்களேன்."

"நானா?"

"அச்சகத்துல வேற என்ன செய்றீங்க?"

நான் மெய்ப்புத் திருத்துபவன். அச்சாகி வரும் தாளை உரக்க வாசிப்பேன். எதிரே ஒருவர் கையெழுத்துப் படியில் சரிபார்ப்பார். புள்ளிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கமா என்று சொன்னால் முதலாளி முறைப்பார், கால்புள்ளிதான். கதையைக் கவனிக்கவே கூடாது. கவனித்தால் பிழை தப்பிவிடும். இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் புத்தகம் வாசித்திருப்பேன். ஒன்றிலும் என்ன நடந்தது என்று தெரியாது.

நூலகத்திலிருந்து ஏழு புத்தகம் எடுத்துவந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குக் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு ஆரம்பித்தேன்.

"அவன் கதவைத் திறந்தான் முற்றுப்புள்ளி மேற்கோள் வந்துவிட்டாயா கால்புள்ளி கண்ணே வியப்புக்குறி மேற்கோள் முடிந்தது."

"என்னங்க இது?"

"அவ வந்துட்டா."

"அவ வந்தது சரி. இந்தப் புள்ளியெல்லாம் எதுக்குக் கூட வருது?"

"புத்தகத்துல இருக்கே."

"மிளகாய்த்தூள் பொட்டலத்துல விலை போட்டிருக்கு. அதையும் சேத்தா குழம்புல போடறேன்?"

விட்டுப்பார்த்தேன். முடியவில்லை. புள்ளியை விழுங்கினால் விக்கல் வந்தது. மூன்றாம் நாள் அவளே, "சரி, விடுங்க. பழகிடுச்சு. அப்படியே படிங்க" என்றாள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது புத்தகத்தில் ஆபத்து வந்தது. இருநூறு பக்கம் நன்றாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் இருநூற்று ஒன்றாம் பக்கத்தில் பாலத்திலிருந்து கவிழ்ந்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் மோவாய் லேசாக நடுங்கியது. கட்டின் ஓரத்தைப் பார்த்தேன். சட்டென்று அவனை ஆற்றிலிருந்து தூக்கிக் கரையில் போட்டேன். ஈரம் துடைத்துவிட்டேன். கையோடு மேற்பார்வையாளர் பதவியும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. எழுத்தாளர்கள் கொல்வதும் நான் காப்பாற்றுவதுமாகப் போனது. நெஞ்சுவலிக்காரர் பிழைத்தார். ஓடிப்போன மகன் திரும்பினான். எல்லோருக்கும் பதவி உயர்வு. எனக்குத்தான் கிடைக்கவில்லை, அவர்களுக்காவது கிடைக்கட்டும். இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தவன் பொய்ப்புப் பார்த்தேன். கட்டு நனையவில்லை.

அத்தனை பேரில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஏழாவது புத்தகத்தில் வந்த வாத்தியாரம்மாதான். தனியாக ஓர் ஊருக்கு மாற்றலாகிப் போனவள். வகுப்பறை சன்னலில் கண்ணாடி இல்லையென்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பாள். கடைசி எட்டுப் பக்கத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போகிறாள். கண்ணாடி மறுநாள் வருகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதை எனக்கு நெஞ்சை அடைத்தது. காய்ச்சலை இறக்கி, அவளைத் தலைமையாசிரியை ஆக்கினேன். கண்ணாடியை அவள் கையாலேயே மாட்டவைத்தேன்.

மறுநாள் கட்டுப் பிரிக்க வேண்டும். அவள் உற்சாகமாக இருந்தாள்.

"ஒரு மாசம் படிச்சிருக்கோம். உங்களுக்கு எது பிடிச்சுது, சொல்லுங்க."

"மூணாவது. இருநூத்தி நாப்பது பக்கத்துல ஒரே ஒரு பிழை."

"பிடிக்காதது?"

"அஞ்சாவது. கண்ணீர்னு வர்ற இடத்துல எல்லாம் தண்ணீர்னு அடிச்சு வெச்சிருக்கான். அந்தப் பொண்ணு நூறு பக்கம் தண்ணீர் விட்டுக்கிட்டே இருக்கா, செடிக்கு விடற மாதிரி. உனக்கு?"

"மரக்கடை அண்ணன் தம்பி கதை பிடிச்சுது. பிடிக்காதது வாத்தியாரம்மா."

எனக்குக் கோபம் வந்தது. "அதுக்கென்ன குறை? எவ்வளவு நல்லா முடிஞ்சுது!"

"கடைசி எட்டுப் பக்கத்துல ஒரு கால்புள்ளிகூட இல்ல."

கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

"கால் இல்லாத கதை எப்படிங்க நடக்கும்? நீங்க தாளப் பாத்துப் படிச்சா புள்ளி வருது. நீங்களா விட்டா வர்றதில்ல. வண்டிக்காரன் ஆத்துல விழுந்தப்பவே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஒவ்வொருத்தரா காப்பாத்திட்டு ஒரு பெருமூச்சு விடுவீங்களே. அதக் கெடுப்பானேன்?" போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "செத்துட்டாளா?"

"ம்."

"சொல்லாதீங்க. நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் அந்த எட்டுப் பக்கத்தையும் நானே படிச்சுக்கறேன்."

புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். விளக்கைக் காட்டினார். விரல்களைக் காட்டினார். அவள் இரண்டு என்றாள். அவர் நான்கு விரல் காட்டியிருந்தார். என்னை மட்டும் வெளியே கூட்டிவந்து அதே எடை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினார். வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். மருந்து, பத்தியம் என்று ஏதாவது உண்டா என்று கேட்டேன். எதுவும் வேண்டாம், இஷ்டப்படி இருக்கட்டும் என்றார்.

வீடு வரும்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். இந்தத் தடவை மாட்டிக்கொள்ள மாட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"இப்பதான் கட்டுப் பிரிச்சிருக்கு கால்புள்ளி கொஞ்ச நாள் பால் மாதிரிதான் தெரியும் கால்புள்ளி ஆறு மாசத்துல பழையபடி படிக்கலாம் முற்றுப்புள்ளி."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எல்லாக் காலும் சரியா இருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சொட்டு மருந்து விடணுமா?"

"வேண்டாமாம்."

"குனியலாமா?"

"தாராளமா."

"அழலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்சம் தள்ளி, கதவைப் பார்த்து.

"அப்ப, காப்பாத்த ஒண்ணும் பாக்கி இல்ல" என்றாள்.

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. தலையணைப் பக்கம் துழாவி, புத்தகத்தை எடுத்து நீட்டினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். எழுந்து வாங்கிக்கொண்டேன்.

"கடைசி எட்டுப் பக்கம். இருக்கிறது இருக்கிறபடி. புள்ளியெல்லாம் சேத்து."

படித்தேன். காய்ச்சல் கால்புள்ளி சன்னல் கால்புள்ளி மழைச்சாரல் முற்றுப்புள்ளி. அவள் தன் கைகளைக் கோர்த்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். ஏழாம் பக்கத்தின் அடியில் வாத்தியாரம்மா கண்ணை மூடினாள். அந்த வரியின் முற்றுப்புள்ளிக்கு வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. அதை விழுங்கினேன். விக்கல் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? அங்க என்ன இருக்கு?"

"கால்புள்ளி" என்றேன்.

"பிழை திருத்துறவரே இப்படிப் பிழை விடலாமா?" என்றாள்.