புகுந்த ஃபோல்டர்

"மாப்பிள்ளை! பிணவறை திறக்க மாட்டேங்குது!"

பட்டறைக்குள்ளிருந்து வந்த இந்தக் குரலைக் கேட்டு, தெருவோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நடையை எட்டிப் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அது பெயர்ப்பலகை செய்யும் பட்டறை. 'உள்ளே வராதே', 'வண்டியை நிறுத்தாதே', 'நாய் கடிக்கும்' என்று யார் யாரை மிரட்ட வேண்டுமானாலும் இங்கே வந்துதான் பலகை வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது புதிதாகத் திறக்கப்போகிற ஓர் ஆஸ்பத்திரிக்குக் கதவுக்கு ஒன்றாகப் பலகை வேண்டும். சாயங்காலம் லாரி வரும்.

கூப்பிட்டவர் வெட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாரும் அவரைக் கத்தரி என்பார்கள். கொடுத்ததை வெட்டுவார். என்ன ஏது என்று கேட்கிற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

மாப்பிள்ளை உண்மையில் அந்த வீட்டுக்கு மட்டும்தான் மாப்பிள்ளை. கீழே பட்டறை, மாடியில் மாமனார் மாமியாரோடு குடித்தனம். மாமனார் நாள் முழுவதும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டறை ஆட்கள், கூரியர்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். போன மாதம் பல் டாக்டரே, "இன்னும் கொஞ்சம் திறங்க மாப்பிள்ளை" என்றார்.

கல்யாணமான புதிதில், மாமனாரின் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அந்த ஒரு தவறுக்காகப் பட்டறையின் கம்ப்யூட்டர் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

இன்றைக்கு அவருக்கு வேறு கவலை. அவரும் மனைவியும் தனிக்குடித்தனம் போக வேண்டும். வீடுகூடப் பார்த்துவிட்டார்கள். இரண்டு அறை, ஒரு நாற்காலி மட்டும் கொள்கிற பால்கனி. அந்த நாற்காலியில் யார் எப்போது உட்காருவது என்பது வரைக்கும் பேசி முடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது மாமனாரின் அனுமதி ஒன்றுதான்.

காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாமா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

மாமனார் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எந்த விஷயமா இருந்தாலும் அப்புறம் மாப்பிள்ளை. முதல்ல அந்த ஃபோல்டரைச் சரி பண்ணுங்க. நான் குறுக்கே வராம இந்தப் பட்டறை ஒரு நாள் ஒழுங்கா ஓடட்டும். அதுக்கப்புறம் எல்லாத்தையும் பேசிக்கலாம்."

ஃபோல்டர் சரியானால் அனுமதி. மாப்பிள்ளை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

ஃபோல்டரின் பெயர் 'வெட்டுக்கு'. பட்டறைக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான லினக்ஸ் சர்வரில் இருந்தது. மனைவி பலகையை வடிவமைத்து அதில் போடுவாள், கத்தரி எடுத்து வெட்டுவார். இத்தனை நாள் தகராறு இல்லை. மனைவிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது, வினையும் கூடவே வந்தது. அவள் போடுகிற எதைத் தொட்டாலும் கத்தரிக்கு, 'அனுமதி மறுக்கப்பட்டது'.

லினக்ஸ் ரொம்பக் கறாரான வீடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு குழு, மிச்சம் இருப்பது ஊரார். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி. மனைவியின் புதுக் கம்ப்யூட்டரோ, பிறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் அவளைத் தவிர யாரும் பார்க்காதபடி முந்தானையில் முடிந்துவைத்தது.

மாப்பிள்ளை கட்டளை ஒன்றைத் தட்டிப் பிணவறையைத் திறந்துவிட்டார்.

"திறந்துடுச்சு மாப்பிள்ளை!" என்றார் கத்தரி. அடுத்த நிமிடமே, "பிரசவ வார்டு மூடிக்கிச்சு!"

பிரசவ வார்டைத் திறந்தார். எலும்பு முறிவு மூடிக்கொண்டது. எலும்பு முறிவைத் திறந்தார். காது மூக்கு தொண்டை மூன்றும் ஒன்றாக மூடிக்கொண்டன.

"ஏங்க, நான் போடப் போட நீங்க ஒவ்வொண்ணா திறந்துவிட்டுட்டே இருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. "வாட்ச்மேன் வேலைக்கா உங்களை எங்கப்பா கட்டிவெச்சாரு?"

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. சர்வரில் எல்லாவற்றுக்கும் மேலான அதிகாரத்தோடு உள்ளே போனார். ஃபோல்டருக்கும் அதன் வயிற்றில் இருந்த அத்தனைக்கும் ஏழு ஏழு ஏழு என்று அடித்தார். சொந்தக்காரர், குழு, ஊரார் எல்லாரும் எல்லாமும் செய்யலாம் என்று அர்த்தம். வீட்டுக் கதவைக் கழற்றித் தெருவில் வைப்பது போன்ற காரியம். ஆனால் உடனே பலன் தெரியும்.

தெரிந்தது. கத்தரியின் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளை மனதுக்குள் அந்தப் பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கத்தரி ஒரு பலகையை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றார்.

"வெட்டிட்டேன் மாப்பிள்ளை. ஆனா மனசு என்னவோ பண்ணுது."

அவர் மனதையே என்னவோ பண்ணுகிறதென்றால் விஷயம் சாதாரணமானதாக இருக்க முடியாது. மாப்பிள்ளை பலகையைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று மூன்று வரி.

பிணவறை
நல்வரவு
மீண்டும் வருக

மாப்பிள்ளை முன் அறைக்கு ஓடினார். மாமனார் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! இத்தனை நாள் நான் ஒரு எழுத்து மாத்தினாக்கூட ஏத்துக்காது. பார்க்கலாம், தொடக் கூடாதும்பான். இன்னிக்கு என்ன அடிச்சாலும் வாங்கிக்குது."

"மாமா, பிணவறைக்கு எதுக்கு மாமா நல்வரவு?"

"எல்லாக் கதவுக்கும் போட்டேன். அதை மட்டும் விட்டா பாரபட்சம் ஆயிடாதா?"

"மீண்டும் வருகன்னு..."

"அது கூட வர்றவங்களுக்கு."

காலமெல்லாம் ஊராரை மிரட்டிப் பலகை எழுதிய மனிதர். வயதானபின் மனம் இளகிவிட்டது. 'உள்ளே நுழையாதே' என்றிருந்தது, 'உள்ளே வரணும்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க' என்று ஆகியிருந்தது. 'அமைதி காக்கவும்' என்ற இடத்தில், 'கொஞ்சம் மெதுவாப் பேசலாமே'. எக்ஸ்ரே அறையில், 'கதிர்வீச்சு அபாயம்' என்பதை எடுத்துவிட்டு, 'பயப்படாதீர்கள்' என்று போட்டிருந்தார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த மூலப் பிரதிகளை எடுக்கப் போனாள்.

"முதல்ல அப்பா கையைக் கட்டுங்க!"

மாப்பிள்ளை பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இறுக்கினார். படிக்கலாம். சொந்தக்காரரைத் தவிர யாரும் எழுதக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தார். ஆனால் ஃபோல்டருக்கு உள்ளே நுழைவது என்று தனியாக ஓர் அனுமதி உண்டு. அவசரத்தில் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்.

பட்டறையே நின்றது.

"பேரெல்லாம் வரிசையா தெரியுது மாப்பிள்ளை, ஒண்ணையும் தொட முடியலை" என்றார் கத்தரி. "மூடின கடையைக் கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் மனைவி. "என் ஃபைலுக்கே நான் அன்னியமாயிட்டேன்."

முன் அறையிலிருந்து மாமனார் குரல் வந்தது. "மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னாடி நல்லா இருந்துச்சே, அந்த மாதிரியே வெச்சுட முடியாதா?"

மாப்பிள்ளை ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். குடித்தபின்தான் புத்தி வந்தது. ஃபைல் ஃபைலாகத் துரத்திக்கொண்டு ஓடினால் கரையேற முடியாது. தாய் ஃபோல்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். அப்புறம் அதில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் தாயின் குழுவோடும் தாயின் அனுமதிகளோடும் தாமே பிறக்கும்.

முதலில் ஃபோல்டர்களுக்கு மட்டும் நுழைவு அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். 'பட்டறை' என்று ஒரு குழு அமைத்து, மனைவி, கத்தரி, தான் மூவரையும் அதில் சேர்த்தார். மாமனார் ஊராரில் ஒருவரானார். பிறகு தாய் ஃபோல்டரின் காதில் வாரிசு விதியை ஓதினார். பரீட்சித்துப் பார்க்க, உள்ளே 'சோதனை' என்று ஒரு ஃபைலை உருவாக்கினார்.

"கத்தரி அண்ணே, 'சோதனை' திறக்குதா பாருங்க!"

"திறந்து, வெட்டியும் முடிச்சுட்டேன் மாப்பிள்ளை!"

"அதை எதுக்கு வெட்டினீங்க?"

"வெட்டுக்குன்னு இருக்கற ஃபோல்டர்ல இருந்தா வெட்டாம கொஞ்சவா செய்வாங்க? விடுங்க, முன்னாடி 'ரத்தச்'னு ஒண்ணு வெட்டி ஒட்டிட்டா ஒரு ரூமுக்கு ஆச்சு."

மாப்பிள்ளை அதற்குக்கூடக் கவலைப்படவில்லை. திறந்துவிட்டது! மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "இப்ப உன் பிணவறையைப் போடு."

அவள் போட்டாள்.

"அனுமதி மறுக்கப்பட்டது!" என்று கத்தரி படித்தார்.

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார். "நான் போட்டா திறக்குது, நீ போட்டா திறக்கலை. என்னதான் பண்றே நீ?"

"எப்பவும் பண்றதுதான். சர்வர்ல இருக்கற என் ஃபோல்டர்ல செஞ்சு வெச்சதை, இழுத்துட்டு வந்து இதுல விட்டேன். இதுல என்ன குத்தம்?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அதான்! அது உன் ஃபோல்டர்ல பிறந்த ஃபைல். இது அதுக்குப் புகுந்த வீடு. இங்க பிறக்கற ஃபைலுக்குத்தான் இந்தத் தாயோட குணம் வரும். இழுத்துட்டு வந்ததுக்கு இடம் மாறினாலும் பிறந்த வீட்டுக் குணம் போகாது. அங்க எப்படி மூடிட்டு இருந்துச்சோ, இங்கயும் அப்படியே மூடிட்டு உட்கார்ந்திருக்கு."

மனைவி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"என்ன பார்க்கறே?"

"இல்ல, நீங்க வந்து எத்தனை நாளாச்சு, இன்னும் பேஸ்ட் டியூபை நடுவுலயே அமுக்கறீங்களே, ஏன்னு யோசிச்சிட்டே இருந்தேன். இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

கத்தரி இயந்திரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டார்.

"சிரிச்சது போதும். இனிமே இழுக்காதே. ஃபைலைத் திறந்து, நேரா 'வெட்டுக்கு' உள்ளேயே புதுசா சேமி. அப்ப அது இங்கயே பிறந்த மாதிரி."

"இங்க சேமிச்சா வாரிசு, இழுத்துட்டு வந்தா விருந்தாளியா?"

"அவ்வளவேதான்."

அவள் சேமித்தாள். திறந்தது. பிரசவ வார்டு திறந்தது, எலும்பு முறிவு திறந்தது, காது மூக்கு தொண்டை அத்தனையும் திறந்தன. இயந்திரம் நிற்காமல் ஓடியது. மனைவி வடிவமைக்க, கத்தரி வெட்ட, மாப்பிள்ளை பலகைகளைத் துணியால் துடைத்துத் துடைத்துச் சுவரோடு சாய்த்துவைத்தார். எக்ஸ்ரே அறை பழையபடி மிரட்டியது. பிணவறை யாரையும் வரவேற்கவில்லை. பட்டறையில் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் மாமனார் வாசற்படியில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, எனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுது."

இயந்திரம் நின்றது. கத்தரி துடைத்த பலகையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"ஆமா மாமா" என்றார் மாப்பிள்ளை. "நீங்க குழுவுல இல்ல. படிக்கலாம். எழுத முடியாது."

"நான் கை வைக்காமலே எல்லாம் ஓடுதா?"

"ஓடுது மாமா."

"நாளைக்கும் ஓடுமா?"

"ஓடும் மாமா. விதி போட்டுட்டேன், தானா ஓடும்."

மாமனார் அவரையே ஒரு கணம் பார்த்தார். கிட்டே வந்து தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். முழங்கால் வலி என்று மாதக்கணக்கில் கைப்பிடியைப் பிடித்து ஏறிய மனிதர்.

"போச்சு" என்றாள் மனைவி. "அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறினாத்தான் காலுக்கு இவ்வளவு பலம் வரும்."

"சந்தோஷம்னாரே?"

"சொந்தக் கடையிலேயே கை வைக்க முடியாம பண்ணிட்டீங்க. யாருக்காவது சந்தோஷம் வருமா? இனிமே தனிக்குடித்தனத்துக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அனுமதி கேக்கறது?"

ஃபோல்டரைச் சரி செய்தால் அனுமதி என்று நினைத்து ஓடியவர், ஃபோல்டரைச் சரி செய்ததாலேயே அதைக் கெடுத்துக்கொண்டார். பால்கனி நாற்காலி மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. லாரி. வேலையாவது நடக்கட்டும் என்று மூவரும் ஆளுக்கு இரண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். கத்தரி பிணவறையை முதலில் ஏற்றப் போனார்.

"ஐயோ, அதை எதுக்குங்க இதுல ஏத்தறீங்க?" என்று பாய்ந்து தடுத்தார் டிரைவர். "ஆஸ்பத்திரி வண்டி பின்னாடி வருது. நான் பெரியவர் வீட்டுச் சாமானை ஏத்த வந்தவன். பெரியவரும் அம்மாவும் தனிக்குடித்தனம் போக வீடு பார்த்து வெச்சுட்டு, பட்டறையை மாப்பிள்ளைகிட்ட எப்படி ஒப்படைக்கிறது, அனுமதி கேட்டா கொடுப்பாரா மாட்டாரான்னு பயந்து பயந்து என்னை நாள் தவறாம திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. இப்பத்தான் போன் பண்ணி, 'பட்டறையில இனி எனக்கு அனுமதி இல்லைன்னு எழுத்துலயே வந்துடுச்சு, உடனே வாப்பா'ன்னு கூப்பிட்டாரு!"