உப்புப் பார்ப்போர்

இந்த உலகத்தில் சமைக்கிறவர்கள் உண்டு, சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல் நடுவில் ஓர் இனம் உண்டு. அதற்கு உப்புப் பார்ப்போர் என்று பெயர். கல்யாண வீட்டிலும் கிடாவெட்டிலும் இவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அண்டாவை இறக்கும்போது இருக்க மாட்டார்கள். மூடியைத் திறக்கும்போது இருப்பார்கள்.

மலைமேல் அரியூர் நாடு என்கிற ஊர்ப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் மாராயியைக் கேட்டால் இந்த இனத்தின் சாதகத்தையே கணித்துச் சொல்லிவிடுவாள். அந்த இனத்துக்குத் தலைமகன் ராசப்பன். மூன்றாம் வகுப்பு வித்யாஸ்ரீயின் அப்பா, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், அந்த நேரத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறியிருக்க வேண்டியவர். சாம்பார் சாதத்தின் வாசம் காற்றில் கிளம்பியதும் ஏணியை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஓடையைத் தாண்டி, சும்மா இப்படி வந்ததாகச் சொல்லிக்கொண்டே வாசலில் வந்து நிற்பார். கரண்டியைத் தொட மாட்டார். உள்ளங்கையை நீட்டுவார். மாராயி கொஞ்சம் வைப்பாள். நக்குவார். கண்ணை மூடுவார். பிறகு கண்ணைத் திறந்து வெளியே பலாமரத்தின் உச்சியைப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு யோசித்ததில்லை.

"எல்லாஞ் சரிதாங்க. ஒரு கல்லு உப்புத்தான் பத்தல."

அரசாங்கம் கொடுப்பது தூள் உப்பு. அதில் கல்லுக்கு எங்கே போவது? மாராயி கேட்டதில்லை. ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறுவாள்.

அடுத்தது தலைமை ஆசிரியர் மணிவண்ணன். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. குறை சொல்ல வேண்டும் என்பது விதியில் இல்லை, அது அவராகச் சேர்த்துக்கொண்டது. அவருக்கும் உப்பு லைட்டாகக் குறையும். இன்னொரு கை. கடைசியில் சத்துணவு அமைப்பாளர் கவிதா. இரண்டு பேர் உப்புக் கேட்ட இடத்தில் தான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பொறுப்பில்லாதவள் என்று ஆகிவிடாதா? மூன்றாவது கை. நீங்களே சொல்லுங்கள், 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதற்காகவா ஒருவர் ஓடையைத் தாண்டி வருவார்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாராயி உப்பைச் சரியாகத்தான் போட்டாள். மூன்று பேரும் பார்த்து முடித்ததும் சாதம் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. பிள்ளைகள் தண்ணீர்க் குழாயை விட்டு வகுப்புக்கே வரவில்லை. அன்றோடு அவளுக்குப் புத்தி தெளிந்தது. மூன்று கை உப்பைக் குறைத்தே இறக்குவது, பார்க்க வருகிறவர்கள் மிச்சத்தை நிரப்பிக்கொள்வார்கள். அன்று முதல் சாப்பாடு அமிர்தம், தட்டில் பருக்கை மிஞ்சுவதில்லை. தன் நாக்கு மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் கதி என்ன ஆகும் என்று ராசப்பன் டீக்கடையில் கவலைப்படுவார். மாராயி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த நாளில், செம்மேட்டு ஒன்றிய அலுவலகத்திலிருந்து இளங்கோ என்ற அதிகாரி பார்வையிட வந்தார். சாப்பாடு சரியில்லை என்று எங்கோ ஒரு பள்ளியில் சமையல்காரம்மாவை வீட்டுக்கு அனுப்பியவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு. மாராயியின் குடும்பம் முழுவதும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அண்டாவை இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள். ஆனால் யார் வந்தாலும் கைக்குப் பழக்கம் விடுமா? அன்றைக்கும் மூன்று கையைக் குறைத்தே இறக்கினாள்.

மூடி திறந்தது. ராசப்பன் நக்கினார், பலாமரத்தைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார். வெளி ஆள் முன்னால் நம் பள்ளியை விட்டுக்கொடுக்கலாமா?

"பிரமாதங்க. உப்பு அளந்து வெச்சாப்ல இருக்குது."

உப்பை அள்ள நீட்டிய கையை மாராயி இழுத்துக்கொண்டாள். மணிவண்ணன் ருசித்துவிட்டு, தன் சர்வீஸில் இப்படி ஒரு சாம்பார் சாதம் சாப்பிட்டதில்லை என்றார். கவிதா அதற்கும் ஒரு படி மேலே போய், இங்கே தினமும் இதே ருசிதான் என்றாள்.

"ஏனுங்க, இன்னொருக்கா நல்லாப் பாருங்க" என்று ராசப்பனிடம் கெஞ்சினாள் மாராயி.

"பாக்கவே வேண்டாம் அம்மிணி."

இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள், சொல்லக் கிடைத்த நாளைப் பாருங்கள். மூன்று பேர் சரி என்று சாட்சி சொன்ன பிறகு அதிகாரியின் கண்ணெதிரே உப்பு டப்பாவைத் திறக்க முடியுமா? பிள்ளைகள் வேறு தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். எட்டுக்கை அம்மனை வேண்டிக்கொண்டாள் மாராயி. எட்டும் வேண்டாம், மூன்று கை போதும்.

இளங்கோ முன்னால் வந்தார். மாராயி தட்டை நீட்டினாள், வேண்டாம் என்றார். சட்டைக் கையை மடித்தார். உள்ளங்கையை நீட்டினார். நக்கினார். கண்ணை மூடினார். பலாமரத்தின் உச்சி எந்தப் பக்கம் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"நல்லாத்தான் இருக்குதும்மா. ஒரு கல்லு உப்பு மட்டும் கம்மியோ?"

மாராயிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவர் கேட்ட ஒரு கல்லுக்கு மூன்று கையையும் கொட்டிக் கிளறினாள். இப்போதுதான் இது சாப்பாடு என்று அதிகாரி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். உப்புப் பார்ப்பது எப்படி என்று மற்ற மூவருக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டு வண்டி ஏறினார். தனக்கும் அது அப்போதே பட்டதுதான், மரியாதைக்குத்தான் சொல்லவில்லை என்று ராசப்பன் விளக்கம் சொன்னார்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டில் சமைக்கிறவர் உங்கள் நாக்கை எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? உங்கள் பங்கு உப்பை இந்நேரம் குறைத்துத்தான் இறக்கியிருப்பார். இதைப் படித்த வேகத்தில் திருந்திப் போய், இன்றைக்குச் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லித் தொலைக்காதீர்கள். வீட்டில் அத்தனை பேரும் உப்பில்லாமல் சாப்பிட வேண்டியிருக்கும்.