எருமைக் கொட்டகையில் மோட்டார் கார்

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவதானால் சொந்த மோட்டாரில்தான் போவது, இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் காவேரியில் முங்குவதே இல்லை என்று பாப்பாரப்பட்டிப் புளி வியாபாரி தீர்த்தகிரி சபதம் செய்தார். சபதம் அவருக்குப் புதிதல்ல. போன வருஷம் பீடியை விடுவதாகச் செய்தார். அதற்கு முந்தின வருஷம் கோபத்தை விடுவதாகச் செய்தார். இரண்டும் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தன.

மோட்டார் என்றால், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது கழித்துவிட்டுப் போனது. துரை வாங்கியபோது அது கார். தீர்த்தகிரி வாங்கியபோது சக்கரம் வைத்த துரு. மழைத்தண்ணீர் இறங்கி எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அதை மாடு பூட்டி இழுத்து வந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். அங்கே குடியிருந்த எருமையை அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டினார்.

எருமை அவர் மனைவி ரங்கம்மாளுடையது. பிறந்த வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்தது. இப்போது சினையாக இருந்தது. ஆனித் தூறலில் அது நனைந்துகொண்டு நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஏனுங்க, சினையெருமை மழையில நிக்குதுங்க.”

“எருமைக்கு மழை பேஞ்சா என்னா தெரியும்?”

“தெரியுதுங்க. ராவெல்லாம் கத்துது. உங்களுக்குத்தான் கேக்கல.”

“அப்ப காரு நனையலாமா?”

“அது நனைஞ்சு முடிஞ்சதுதானுங்களே.”

வேலிக்கு அந்தப் பக்கம் தகர வேலைக்காரர் அப்துல் சுபான் வாளிக்கு அடி வைத்துக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். ஆள் கேட்கிறார் என்றதும் தீர்த்தகிரிக்கு வீரம் ஒரு முழம் கூடியது.

“சுபான் பாய் சாட்சி. ஆடிப் பதினெட்டுக்குள்ள இந்த எஞ்சின் உறுமலைன்னா கொட்டகை எருமைக்கு. காரு மரத்தடிக்கு. அதுக்கப்பறம் கொட்டகைன்னு நான் வாயத் தொறந்தா என்னான்னு கேளு.”

“கேக்கறேனுங்க” என்றாள் ரங்கம்மாள்.

“அண்ணே, தர்மபுரியில என் மச்சான் கரீம் பஸ் எஞ்சின் வேலை பாக்கறான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டுமா?” என்றார் சுபான்.

“பஸ்ஸப் பாக்கறவனுக்குக் காரப் பத்தி என்னா தெரியும் பாய்?”

தீர்த்தகிரிக்கு எல்லாம் தெரியும். பொம்மிடி ஸ்டேஷன் வாசலில் ரயிலுக்குக் காத்திருந்த நாளிலெல்லாம், பஸ் எஞ்சினைப் பிரிப்பவர்களின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் அவர். பிரிப்பதை மட்டும் பார்த்திருந்தார். மாட்டுவதற்குள் ரயில் வந்துவிடும்.

ஆகவே பிரிப்பது பிரமாதமாக நடந்தது. சேலத்தில் சிலிண்டரைக் கடைந்தார்கள், புதுப் பிஸ்டனும் வந்தது. பிஸ்டன் ஒவ்வொன்றுக்கும் மூன்று இரும்பு ரிங். ஒவ்வொரு ரிங்கிலும் சின்னதாக ஒரு வெட்டு, திறந்த வாய் மாதிரி. அந்த வாயை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? சாதாரண மனிதன் யாரையாவது கேட்டிருப்பான். தீர்த்தகிரி சாஸ்திரத்தைக் கேட்டார்.

“வூடு கட்டறப்ப வாசக்கதவு, நடைக்கதவு, கொல்லக்கதவு மூணையும் நேருக்கு நேரா வெக்கறமா இல்லியா?” என்றார், எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற ரங்கம்மாளிடம். “அதே மாதிரிதான். மூணு வாயும் ஒரே நேரா. ஈசானியத்தப் பாத்து.”

“வண்டி திரும்புனா ஈசானியமும் திரும்பிடுமேண்ணே?” என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டது சுபானின் குரல்.

“பொறப்படறப்பப் பாக்கறதுதான் கணக்கு பாய்.”

எல்லா வாயும் ஈசானியத்தைப் பார்த்தன. ரங்கம்மாள் மட்டும் தன் வாயை மூடிக்கொண்டாள்.

நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, காரின் மூக்கில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். நல்ல எஞ்சின் என்றால் சுற்றுகிறவன் தோளைக் கழற்ற வேண்டும். இது கிணற்று ராட்டினம் போலச் சுகமாகச் சுற்றியது. உறுமல் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை.

“கம்ப்ரஷன் போயிடுச்சு” என்றார் தீர்த்தகிரி, பெரிய டாக்டர் கையை விரிப்பதுபோல.

“எங்கீங்க போச்சு?”

“அதத்தான்டி கண்டுபுடிக்கணும். சிலிண்டருக்குள்ள காத்த அமுக்கிப் புடிச்சாத்தான் பெட்ரோலு வெடிக்கும். இதுல புடிக்கல, எங்கியோ ஓட்டை. கார்புரேட்டருல சீறுனா ஒரு வால்வு. பின்னாடி புகைக்குழாயில சீறுனா இன்னொரு வால்வு. எண்ணெ ஊத்தற வாயில அடிச்சா ரிங்கு. அவ்வளவுதான் வித்தை.”

ஆனால் ஹேண்டில் சுற்றுகிறவன் மூன்று இடத்திலும் கையை வைத்துப் பார்க்க முடியாது. அதற்கு மனைவியை வைத்துக்கொண்டார். அவர் சுற்றினார். அவள் கார்புரேட்டரில் கையை வைத்தாள். “இல்லீங்க” என்றாள். எண்ணெய் ஊற்றும் வாயில் வைத்தாள். கொஞ்சம் அதிக நேரமே வைத்திருந்தாள்.

“இங்கியும் ஒண்ணுமில்லீங்க.”

பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்தாள்.

“ஆமாங்க. இங்கதான் புசுபுசுன்னு வருது.”

“சொல்லல நான்? வால்வுதான். ரிங்குல கோளாறு வருமா? வெச்சது யாரு?”

“அதானுங்களே.”

அன்றிலிருந்து தீர்த்தகிரி வால்வு தேய்த்தார். தேய்ப்புப் பசை தடவி, திருகித் திருகித் தேய்த்தார். மண்டிக்குப் போகவில்லை. புளி அதுபாட்டுக்குப் புளித்துக் கிடந்தது. தேய்த்து மாட்டிவிட்டுச் சுற்றுவார். “முன்னைக்கு இப்பக் கம்மிங்க” என்பாள் ரங்கம்மாள். உற்சாகம் பொங்க மறுபடி பிரிப்பார். “இன்னும் கொஞ்சூண்டுதான் பாக்கி” என்பாள். மறுபடி பிரிப்பார். வால்வு தேய்ந்தது, உள்ளங்கை தேய்ந்தது, ஆனியும் தேய்ந்து ஆடி பிறந்தது. எஞ்சினுக்கு மட்டும் ரோஷம் வரவில்லை.

ஆடிப் பதினெட்டு. ஊர் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு காவேரிக்குப் போயிற்று. தீர்த்தகிரி தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்தார். சாட்சியாக நின்ற பாவத்துக்கு அப்துல் சுபான் வந்து ரங்கம்மாளுக்கு ஒரு கை கொடுக்க, கார் புளியமரத்தடிக்கு நகர்ந்தது. எருமை கொட்டகைக்குள் நுழைந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று படுத்தது.

மறுநாள் காலை கேப்பைக் கூழை நீட்டிக்கொண்டே ரங்கம்மாள் சொன்னாள்:

“ஏனுங்க, அந்த ரிங்கு வாயி மூணையும் மூணு தெசைக்குத் திருப்பி வெச்சுப் பாருங்களேன்.”

“நல்லாருக்குது. பொம்பளை சொல்லி எஞ்சின் ஓடவா? அடுத்தாப்புல அதுக்குக் கோலம் போடச் சொல்லுவியா?”

சொன்னாரே தவிர, அவரிடம் தேய்ப்பதற்கு வேறொன்றும் பாக்கி இல்லை. அவள் தண்ணீருக்குப் போகும் நேரமாகப் பார்த்து, தினம் கொஞ்சமாகத் திருட்டுத்தனமாகப் பிரித்தார். வாய்களை ஆளுக்கொரு திசையாகத் திருப்பினார். மாட்டி, ஹேண்டிலைப் போட்டார். தோள் கழன்று வந்துவிடும்போல இருந்தது. இரண்டாவது சுற்றில் எஞ்சின் உறுமிற்று. மரத்தின் மேலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன. கொட்டகைக்குள் எருமை அசை போடுவதை நிறுத்தவில்லை.

குடத்தோடு திரும்பிய ரங்கம்மாளை அவர் வழிமறித்தார். சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று முகத்துக்கே தெரியவில்லை.

“உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“வாசலும் கொல்லையும் நேரா தெறந்து கெடந்தா நம்ம அடுப்புலயே நெருப்பு நிக்கறதில்லீங்க. அதுக்குள்ள மட்டும் எப்பிடி நிக்கும்? எண்ணெ ஊத்தற வாயில கைய வெச்சேன், சீலைத் தலப்பு பறக்கற மாதிரி காத்து அடிச்சுது.”

“எப்ப?”

“மொத நாளேங்க.”

“மொத நாளேயா? அப்பறம் எதுக்குடி புகைக்குழாயில வருதுன்னு சொன்ன?”

ரங்கம்மாள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு எருமை வெளியில நின்னுச்சுங்க.”